அக்கா வீட்டில் ஒரு டிஸ்க்

எங்கள் பீரோவின் கீழ்த் தட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். 2006 முதல் நான் எடுத்த படங்கள் அத்தனையும் கறுப்பில், அதன் மறுபிரதி நீலத்தில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, புதிதாக எடுத்ததை முதலில் கறுப்பிலும் பிறகு நீலத்திலும் ஏற்றுவேன். அப்புறம் இரண்டையும் ஒரே சுருக்குப் பையில் போட்டு, அம்மாவின் பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்ற நிம்மதி எனக்கு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அந்தப் பை நாலடித் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

அப்போது சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் குடியிருந்தோம். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது, சாக்கடை மூடி வழியாகத் தண்ணீர் கொப்பளித்தது, அது வாசல்படி ஏறியது, கரண்ட் போனது, அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினோம். அம்மாவின் சுகர் மாத்திரை, ரேஷன் கார்டு, சர்டிஃபிகேட் ஃபைல் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். பீரோவை மறக்காமல் பூட்டிவிட்டுத்தான் மேலே போனேன். டிஸ்க்குகள் நினைவுக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. சேறு அடைத்துக்கொண்டு பீரோ கதவு திறக்கவில்லை. கடப்பாரை கொண்டு நெம்பினோம். பையை அவிழ்த்தால் காப்பிப் பொடி நிறத்தில் குழம்புச் சேறு. இரண்டு டிஸ்க்கையும் துடைத்து, மொட்டை மாடியில் தலையணைகளுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். நன்றாகக் காய்ந்துவிட்டது என்று தோன்றியதும், அலுவலக நண்பரின் லேப்டாப்பை வாங்கிக் கறுப்பை மாட்டினேன். டக், டக், டக் என்று ஒரு சத்தம். பிறகு அரிசியில் கல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு. பதறி ஒயரைப் பிடுங்கினேன். நீலத்தைத் தொடவே கை வரவில்லை.

அந்தப் பயம் எவ்வளவு பெரிய நன்மை செய்தது என்பது ரிச்சி தெருவில் தெரிந்தது. டேட்டா மீட்டுத் தரும் சின்னக் கடை ஒன்று, மாடிப்படிக்குக் கீழே. கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பிக் காட்டினார். மூடியில் கடுகளவு ஒரு துளை, பக்கத்தில் இந்தத் துளையை மூடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. டிஸ்க்குக்குள் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக வைத்த மூச்சுத் துளை அது. தூசி போகாமல் தடுக்க உள்ளே வடிகட்டி உண்டு. வெள்ளத்தில் மூழ்கினால் வடிகட்டி என்ன செய்யும்? உள்ளே கண்ணாடி போல வழவழவென்றிருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகின்றன. படிக்கும் முனை அவற்றைத் தொடாமல் மேலே மிதக்கிறது. அந்த இடைவெளி தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். காய்ந்த சேற்றுத்துகள் ஒன்று அங்கே இருந்தால் போதும், முனை தட்டையே உழுதுவிடும்.

“சார், இதைக் காய வச்சிருக்கவே கூடாது,” என்றார். “ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒட்டி அப்படியே கொண்டு வந்திருக்கணும். காய்ஞ்சா அழுக்கு தட்டுலயே ஒட்டிக்கும். கரண்டு குடுத்தா கீறிடும். இந்தக் கறுப்பு போச்சு. நீலத்துக்குக் கரண்டு குடுக்கல இல்ல? அப்ப முயற்சி பண்ணலாம்.”

32,000 ரூபாய் ஆகும் என்றார். வீட்டில் பாத்திரம், பாய், ஃப்ரிட்ஜ் எல்லாம் புதிதாக வாங்க வேண்டிய நேரம். என் மனைவிதான், “குடுத்துடுங்க, ஃப்ரிட்ஜ் அப்புறம் வாங்கிக்கலாம்” என்றாள். தூசியில்லாத அறையில் வைத்து மூடியைத் திறந்து, தட்டுகளைச் சுத்தம் செய்து, அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து முனைகளைக் கழற்றிப் பொருத்தி வேலை பார்த்தார்கள். ஏழு வாரம் ஆனது. 41,000 படங்களில் 23,000 சொச்சம் திரும்பி வந்தன.

வந்தது படங்கள் மட்டும்தான். ‘2012 தீபாவளி’, ‘குற்றாலம்’ என்று நான் பெயர் வைத்திருந்த ஃபோல்டர்கள் எதுவும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணைப் பகுதியே டிஸ்க்கில் அழிந்துவிட்டது. ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரியான மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அந்த அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுக்கச் சல்லடை போட்டுப் பொறுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் எஃப் என்ற எழுத்தும் ஏழு இலக்கமும்தான் பெயர். அதிலும் பல படங்கள் பாதியோடு நின்றுவிட்டன. படம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால், நடுவில் எங்காவது கெட்டுப்போனால் அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அப்படி வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012 தீபாவளிக்கு முந்தின நாள், திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டு அடுப்படியில், ஆச்சி கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். அச்சில் பிழிவது இல்லை, விரலாலேயே மாவை முறுக்கி முறுக்கி வட்டம் வட்டமாக விடுவது. எண்பது வயதில் அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போகும் வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்று தரையில் படுத்து எடுத்த படம் அது. மறு வருஷம் ஆச்சி போய்விட்டாள். மீண்டு வந்த படத்தில் அவள் முகம் இருக்கிறது, பாம்படம் தொங்கும் காது இருக்கிறது, தோள் வரை இருக்கிறது. அதற்குக் கீழே ஒரே சாம்பல். எந்தக் கைகளுக்காக அந்தப் படத்தை எடுத்தேனோ அந்தக் கைகள் இல்லை.

இதே வெள்ளத்தில் அம்மாவின் கல்யாண ஆல்பமும் நனைந்தது. 1978-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், பிறகு எண்பதுகளில் எடுத்த கலர் படங்கள். அவை பிழைத்தன. ஒட்டிக்கொண்டிருந்த படங்களைப் பிய்க்காமல் சுத்தமான தண்ணீர்த் தட்டில் ஊறவிட்டு, தானாகப் பிரிந்து வந்ததும் பரப்பில் விரல் படாமல் அலசி, முகம் மேலே பார்க்கும்படி துண்டில் பரப்பிக் காயவைத்தால் போதும். ஸ்டூடியோவில் ரசாயனத்தில் கழுவிய படம் தண்ணீரைக் கொஞ்ச நாள் தாங்கும்; வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டவை கரைந்துவிட்டன. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் வடகிழக்குக் கரையோர ஊர்களில், இடிபாட்டில் கிடைத்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் இப்படித்தான் கழுவிக் காயவைத்தார்கள். ஃபியூஜிஃபில்ம் நிறுவனம் அதற்கென்றே ஆட்களை அனுப்பி உதவியது. சேற்றில் எடுத்த ஆல்பம் ஒன்றை அதன் குடும்பம் அடையாளம் கண்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. டிஸ்க்கைக் கண்டெடுப்பவருக்கு அது யாருடைய டிஸ்க் என்றுகூடத் தெரியாது. அதனால் இப்போது வருஷத்துக்கு ஐம்பது படமாவது பொறுக்கி எடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுவிடுகிறேன். பின்பக்கம் பென்சிலால் பெயரும் தேதியும்.

சரி, போன படங்களில் மற்றவை எப்படித் திரும்பின என்று சொல்கிறேன். எங்களைக் காப்பாற்றியது அக்காவின் பிடிவாதம்.

2011 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா சண்டை போட்டாள். “ஏல, நீ எடுத்த படத்தையெல்லாம் நீயே பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டா எங்களுக்கு என்னல கிடைக்கும்? எனக்கும் ஒரு செட்டு போட்டுத் தால.” அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் 2006 முதல் 2010 வரை எடுத்ததை 14 டிவிடிகளில் எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறமும் வருஷா வருஷம் கேட்டாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்றே நாலு பொங்கலைத் தள்ளிவிட்டேன்.

வெள்ளம் வடிந்ததும் முதல் ஆளாக அவள்தான் அந்த டிவிடிகளை நினைவுபடுத்தினாள். 14-இல் 11 முழுதாகப் படித்தது. இரண்டு பாதி படித்தது. ஒன்று திறக்கவே இல்லை. வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் ஒரு சாயப் பூச்சில்தான் பதிகிறது. வெயிலும் புழுக்கமும் அதை மங்கவைக்கும். ஆனாலும் முதல் ஐந்து வருஷம் அநேகமாக முழுசாகத் திரும்பிவிட்டது. நான் பத்திரமாகப் பூட்டி வைத்தவை சேற்றில் போயின. அக்காவுக்காக வேண்டாவெறுப்பாகக் கொடுத்தவை அவள் டிவி ஸ்டாண்டுக்கு அடியில், பழைய பக்திப் பாடல் சிடிகளோடு கிடந்து பிழைத்தன. இதை நினைக்காத நாள் இல்லை.

2011-க்குப் பிறகான விடுபட்ட படங்களுக்காகச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். சித்தப்பா, அத்தை மகன், துபாயில் இருக்கும் மச்சான் என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வந்ததை வணங்கி வாங்கிக்கொண்டேன். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். போனில் பார்க்கச் சரியாக இருக்கும், பெரிதாகப் பிரிண்ட் போட்டால் முகம் மெழுகு பூசியது போல ஆகிவிடும். எடுத்த தேதி, நேரம், கேமரா விவரம் எல்லாம் கழன்றுவிடும். படத்தை டாகுமெண்டாக அனுப்பச் சொன்னால் இந்த இரண்டும் நடக்காது. அன்று எனக்கு அது தெரியாது, அனுப்பியவர்களிடமும் பெரும்பாலும் மூலப்படம் இல்லை.

தேதி இல்லாத படங்களுக்கு அம்மா உட்கார்ந்தாள். லேப்டாப்பில் ஒவ்வொன்றாக நகர்த்துவேன், அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புடவைகளைப் பார்ப்பாள். “நிறுத்து. இது உங்க சித்தி மவ சடங்குக்கு எடுத்த சேலைல்லா? மடிப்புக்கூட கலையல பாரு. அப்போ இது அந்த வருசம் ஆடி அமாவாசை.” அடுத்த படம். “இதுல அதே சேலை சாயம் போயிருக்கு. இது ரெண்டு வருசம் கழிச்சு.” மூன்று வாரம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசியது அதற்கு முன் எப்போது என்று எனக்கு நினைவில்லை. அவள் சொன்னதை அப்படியே படத்தின் பெயரில் தட்டச்சு செய்திருக்கிறேன்: ‘சடங்குச் சேலை, புதுசு’.

எல்லாம் முடிந்த பிறகுதான் நான் செய்த தவறு எதுவென்று படித்துப் புரிந்துகொண்டேன். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய ஒரு கணக்கு இருக்கிறது, 3-2-1 என்பார்கள். எதற்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒரு பிரதியாவது வேறு இடத்தில். முதல் இரண்டு எண்ணையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி ஒன்றுதான் உயிர். என்னிடம் இரண்டு பிரதி இருந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே பைக்குள் இருந்த வரையில் அது ஒரே பிரதிதான். வெள்ளம் மட்டுமா, திருடன் வந்தாலும் பையோடுதான் எடுத்துப் போவான். தீப்பிடித்தாலும் பையோடுதான் எரியும். இரண்டும் எந்நேரமும் கம்ப்யூட்டரில் மாட்டியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் இரண்டையும் சேர்த்தே பூட்டும். ஏற்றி முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும்.

அதற்கடுத்த பொங்கலிலிருந்து எங்கள் வீட்டு ஏற்பாடு இது. இரண்டு டிஸ்க். ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம். பொங்கலுக்குப் போகும்போது அந்த வருஷப் படங்களை ஏற்றிய டிஸ்க்கைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவளிடம் இருப்பதை வாங்கி வருவேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு மாதத்தில் வாங்கியவை. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு எடுத்தால் ஒரே கோளாறு இரண்டிலும் இருக்கலாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டவில்லை. அதில் அபாயம் இருக்கிறது, தெரியும். ஆனால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்கா அதை மாட்டினவுடனே திறக்க வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம்.

ஆயுத பூஜைக்கு டிஸ்க்கைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் புத்தகங்களோடு அடுக்குவோம். விஜயதசமி காலையில் பிரித்து மாட்டி, ஒவ்வொரு வருஷத்து ஃபோல்டரிலும் கண்ணை மூடிக்கொண்டு இருபது படம் திறந்து பார்ப்பேன். அதே நாள் அக்காவும் அங்கே பார்த்துவிட்டுப் போன் செய்வாள். 2019-இல் இப்படிப் பார்க்கும்போது 2014 ஃபோல்டர் திறக்கத் திணறியது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் மஞ்சள் எச்சரிக்கை. படிக்க முடியாத பகுதிகள் சேர ஆரம்பித்திருந்தன. அக்காவிடமிருந்த பிரதி சரியாக இருந்ததால் புது டிஸ்க் வாங்கி மாற்றிக்கொண்டோம். இப்போது மஞ்சள் வரும் வரை காத்திருப்பதில்லை, ஐந்து வருஷம் ஆனால் மாற்றிவிடுகிறேன்.

இவ்வளவு செய்தும் 2023 டிசம்பர் என்னைக் கலக்கிவிட்டது. 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மறுபடி மூழ்கியது. நாங்கள் அதற்குள் வேறு பகுதியில் இரண்டாம் மாடிக்கு மாறியிருந்தோம். டிஸ்க் லாஃப்டில் இருந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. ஆனாலும் அக்கா வீட்டில் ஒன்று இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தென் மாவட்டங்களில் மழை பிடித்தது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடுவதை டிவியில் பார்த்தேன். அக்கா வீடு ஆற்றங்கரைப் பக்கம்தான். போன் போகவில்லை. அன்றும் மறுநாளும் போகவில்லை. அப்போது எனக்குப் படங்கள் எதுவும் நினைவில் இல்லை, அவர்கள் மாடிக்கு ஏறியிருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

20-ஆம் தேதி மதியம் அவளே கூப்பிட்டாள். “நாங்க எல்லாரும் நல்லாருக்கோம்ல. இடுப்பளவு வந்துச்சு. டிஸ்க்கைத்தான் முதல்ல மேல கொண்டு போனேன், நீ ஒண்ணும் கவலப்படாத.” 2015-இல் நான் பூட்டிவிட்டுப் போனதை, 2023-இல் அவள் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

650 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு ஊர் ஒரே மாதத்தில் மூழ்கும் என்று நான் கணக்குப் போட்டதே இல்லை. அதுவரை தள்ளிப்போட்ட மூன்றாவது பிரதியை, இணையம் வழியாகச் சேமிக்கும் கிளவுடில் ஏற்றுவதை, அந்த வாரமே தொடங்கினேன். 200 ஜிபிக்கு மேல், ராத்திரி ராத்திரியாகப் பதினொரு நாள் ஆனது.

கிளவுடை மட்டும் நம்பியிருப்பவர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். கூகுள் போட்டோஸ் போனோடு இணைந்து இயங்குகிறது. போனில் இடமில்லை என்று அந்த ஆப்பிலேயே படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு நிரந்தரமாகப் போய்விடும். போனில் மட்டும் இடம் பண்ண அதில் தனி வழி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இலவசமாக அளவின்றி ஏற்றலாம் என்பது 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இப்போது மெயில் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். இரண்டு வருஷம் தொடாத கணக்கை நீக்கும் விதியும் வந்துவிட்டது. இறந்துபோன அப்பாவின் கணக்கில் படங்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே உள்ளே போய்ப் பாருங்கள். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் நினைவிருக்கிறதா? 2014 செப்டம்பர் 30-ஓடு மூடினார்கள். படங்களை எடுத்துக்கொள்ள இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள், நம்மில் எத்தனை பேர் போய் எடுத்தோம்? மைஸ்பேஸ் என்ற இன்னொரு வலைத்தளம் அதற்குக்கூட நேரம் தரவில்லை. பழைய படங்களும் பாட்டுகளும் சர்வர் மாற்றியபோது அழிந்துவிட்டன என்று 2019-இல் சொல்லிவிட்டது. கிளவுடை நான் இன்னொரு அக்கா வீடாக நினைக்கிறேன். அவள் வீட்டிலும் ஒரு பிரதி, அவ்வளவுதான்.

2024 பொங்கலுக்குப் போனபோது சுவரில் இடுப்பு உயரத்தில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றாள். பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் மகள் லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டினோம். ஆச்சி படம் வந்தது. சாம்பல் பாதியைப் பார்த்து மருமகள், “இதுல ஆச்சி என்ன மாமா செய்றா?” என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கு மாவைப் பிசைந்து கொண்டு வந்து, அவள் கையில் ஒரு உருண்டையைக் கொடுத்தாள். கட்டைவிரலை இப்படி வை, ஆள்காட்டி விரலால் தள்ளு. நான் கேமராவை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன்.

கிளம்பும்போது அந்தப் படங்களையும் இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றினோம். நான் கொண்டு போனதை அவள் மாடியில், புதிதாக அடித்த பலகைத் தட்டில் வைத்தாள். அவள் தந்தது நெல்லை எக்ஸ்பிரஸில், துண்டில் சுற்றி, பனங்கிழங்குக் கட்டுக்குப் பக்கத்தில் வந்தது.